ஐஸ் பெட்டியில் போன சாம்பிள்

மீன் மொத்தக் கிடங்கில் அவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் குளிர் அறை அவர் பொறுப்பு. பெட்டியின் மேல் கை வைத்தால் போதும், உள்ளே இருக்கும் இறால் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தெர்மாமீட்டரே அவரிடம் கேட்டுத்தான் ஏறி இறங்கும் என்பது பேக்கிங் மேஸ்திரியின் கேலி. மேஸ்திரிக்குப் பெரிய மீசை. அதனால் அவர் மீசைக்காரர்.

குளிர் அறையில் ஒரு மணி நேரம் நின்றால் இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். பின்பக்கம் குளிர்சாதன இயந்திரம் ஓடும் இடத்தில் ஒரு தகர மூடி எப்போதும் சூடாக இருக்கும். வெளியே வந்ததும் இருவரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு சிகரெட். அந்த மூடிக்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஐஸ்காரருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. மாடியில் அவரும் மனைவியும், கீழே அவருடைய அக்கா. மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். முப்பத்து மூன்று வயது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, முட்டை வளர மாத்திரை எல்லாம் அவள் பார்த்துவிட்டாள். எக்ஸ்ரே எடுத்த அன்று பேருந்தில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தவள், இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. வலிக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, "தைக்க வேண்டிய காலர் நாப்பது கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் முதல் நாளே இரண்டு சீட்டு எழுதினார். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவருடைய விந்தைப் பரிசோதிக்க. அவருடைய சீட்டு ஒன்றே கால் வருடமாகப் பர்ஸில் மடிந்து, மடிப்பில் கிழிந்து கிடந்தது.

ஒருநாள் அவள் மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தாள். "இந்த மாசத்தோட சரி. நீங்க டெஸ்ட் கொடுத்தாத்தான் அடுத்த மாசம் இதைத் தொடுவேன்."

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நானும் நல்லாத்தான் இருக்கேன். என்னைக் குத்தலையா?"

மறுநாள் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். அங்கே ஒரு சின்ன அறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு, வெளியே பெஞ்சில் நாலு பேர். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. முடியாது என்று வந்துவிட்டார். அப்படியானால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம் என்று ஜன்னலில் இருந்த பெண் ஒரு டப்பாவைக் கொடுத்தாள். "அப்புறம் இன்னொண்ணு சார்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் டப்பா சட்டைப்பைக்குள், அவர் தெருவில்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தனக்குத் தெரிந்த தொழிலை முழு அக்கறையோடு செய்தார். கிடங்கில் இருந்ததிலேயே நல்ல தெர்மோகோல் பெட்டி, முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்தது. கீழே ஓர் அடுக்கு ஐஸ், நடுவில் டப்பா, மேலே ஓர் அடுக்கு. ஏற்றுமதி இறாலுக்குக்கூட அவர் அவ்வளவு கச்சிதமாக அடுக்கியதில்லை. பெட்டியோடு உள்ளே போகக் கூச்சமாக இருந்ததால் வாசலிலேயே பெட்டியைத் திறந்தார். டப்பாவைத் துடைத்து, காகிதப் பையில் போட்டு, ஜன்னலில் நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

ரிப்போர்ட் மறுநாளே வந்தது. அதில் பாதி அவருக்குப் புரியவில்லை. அசைவு என்ற இடத்தில் பூஜ்யம் என்றிருந்தது மட்டும் புரிந்தது.

அதை மடித்து, குளிர் அறையில் வெப்பநிலை எழுதும் நோட்டுக்குள் வைத்தார். வீட்டில் கேட்டபோது இன்னும் வரவில்லை என்றார். வராத ரிப்போர்ட்டை நம்பி அவள் அடுத்த மாத மாத்திரையையும் ஆரம்பித்தாள். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. காலையில் குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். சொன்னால் அவள் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தே பன்னிரண்டு நாளை ஓட்டினார்.

பதின்மூன்றாம் நாள் அக்கா மாடியேறி வந்தாள். மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பாவாடை மடிப்புக்குக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை? என் தம்பியைப் பாரு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். அவனுக்கும் வயசாகுதில்ல? நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. நீயே பெரிய மனசு பண்ணி, வேற ஒரு பொண்ணப் பாருங்கன்னு சொன்னா உனக்கும் மரியாதை, அவனுக்கும் நல்லது."

ஊசி வாயில் இருந்ததால் மனைவி பதில் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஏழு வருடமாக அப்படித்தான். ஐஸ்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, நிறுத்து. குறை என்கிட்ட."

"என்னடா உளர்றே?"

"டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட் வந்து பன்னிரண்டு நாளாச்சு. ஒண்ணுகூட அசையலையாம். இவளை இனிமே ஒரு வார்த்தை சொல்லாதே."

அக்கா உட்கார இடம் தேடினாள். மனைவி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"பன்னிரண்டு நாளா நான் அதை முழுங்கி வாந்தி எடுத்துட்டிருந்தேன். கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் மாத்திரை அட்டையை எடுத்து அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு ரிப்போர்ட்டை எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் போறோம்."

பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மாள். நரைத்த தலை, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஐஸ்காரரைப் பார்த்தார்.

"இவ்வளவு எண்ணிக்கை இருந்து ஒண்ணுகூட அசையலைன்னா சந்தேகமா இருக்கே. எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"ஐஸ்லதான்." குரலில் தொழில் பெருமை வந்துவிட்டது. "மேல ஒரு அடுக்கு, கீழ ஒரு அடுக்கு. கொஞ்சம்கூட உருகல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நீங்க கொண்டு வந்தது மீன் இல்ல. அது ஓடணும்னா உடம்புச் சூடு வேணும். ஐஸ்ல வெச்சா எல்லாம் விறைச்சுப் போகும். ஜன்னல்ல எங்க பொண்ணு இதைச் சொல்றதுக்குள்ள ஓடிப்போனது நீங்கதானா?"

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறி அருகே போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை டப்பா அவருடைய பனியனுக்குள், வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்தது. பக்கத்தில் மனைவி. முப்பத்தைந்து நிமிடத்தில் ஜன்னல்.

இந்த முறை பூஜ்யம் இல்லை. அதற்காக முழு நல்ல செய்தியும் இல்லை. எண்ணிக்கை குறைவு. ஓடுகிறவையும் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. டாக்டர் இரண்டு பேரின் காகிதங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"அப்போ குறை யார்கிட்ட?" என்று ஐஸ்காரர் கேட்டார்.

"ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம். அவங்களுக்கு முட்டை மாசாமாசம் ஒழுங்கா வர்றதில்ல. உங்களுக்கு இது. குழந்தை இல்லன்னு வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதிக் கேஸ்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கு. அதனாலதான் முதல் நாளே ரெண்டு சீட்டு எழுதறேன். பெரும்பாலும் ஒரு சீட்டுதான் திரும்பி வருது."

பிறகு டாக்டர் கேள்வி கேட்டார். சிகரெட் எத்தனை? எட்டு. அதை நிறுத்தணும். சூடான இடத்தில் வேலையா? "நான் ஐஸ் ரூம்ல இருக்கிறவன் டாக்டர்" என்று சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். சிம்மாசனம் நினைவுக்கு வந்தது. சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"தினமும் எவ்வளவு நேரம்?"

"எல்லாம் சேர்த்தா ரெண்டு மணி நேரம் வரும்."

"அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நல்லது பண்ணாது. இன்னைக்கே விடுங்க. புதுசா உருவாக ரெண்டரை, மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள உங்களையும் ஒருமுறை பரிசோதிச்சுப் பார்க்கணும், விதைப்பையில நரம்பு ஏதாவது வீங்கியிருக்கான்னு. அவங்களுக்கு ஒத்துக்கிற வேற மாத்திரை தரேன். மூணு மாசம் கழிச்சு உங்க டெஸ்ட் மறுபடியும். தேறினா, முட்டை வர்ற நாள் பார்த்து, நல்லா ஓடுறதைப் பிரிச்செடுத்து கர்ப்பப்பைக்குள்ள வைக்கலாம். பெரிய வலி இல்லாத வேலை. நாலு தடவைக்குள்ள நிக்கலைன்னா வெளியில கரு உருவாக்கி உள்ள வைக்கிற சிகிச்சையைப் பேசலாம். அதுக்குச் செலவும் ஊசியும் அதிகம், அதுவும் எல்லாருக்கும் முதல் தடவையே பலிக்காது. இப்பவே சொல்லிடறேன்."

"உறுதியாச் சொல்ல முடியாதா?" என்றாள் மனைவி.

"முடியாதும்மா. உறுதின்னு யாராவது சொன்னா அந்த இடத்துக்குப் போகாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். அவரே எல்லாவற்றையும் சொன்னார், ஐஸ் பெட்டி உட்பட. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை மனைவியிடம் எதுவும் கேட்காமல், படிக்கட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். "டேய், சட்டைப்பையைக் காட்டு. சிகரெட் இருக்கா?" அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

மனைவி பன்னிரண்டு நாளை மன்னித்தாளா என்று அவர் கேட்கவில்லை. மாத்திரை போடும் வேளையில் தண்ணீர் டம்ளரோடு போய் நின்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கிடங்கில் தேநீர் வேளையில் ஐஸ்காரர் இப்போது சுவரோரமாக நின்றே டீ குடிக்கிறார். குளிர்கிறது, பல் தந்தியடிக்கிறது. முதல் நாள் சிம்மாசனத்தில் மீசைக்காரர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, ராஜ்யத்தை விட்டுக் கொடுத்துட்டீங்களா? ஏறி உட்காருங்க."

"வேணாம். டாக்டர் சொல்லிட்டார்."

"எந்த டாக்டர்?"

ஐஸ்காரர் ஒரு வாய் டீயை விழுங்கினார். மழுப்பியிருக்கலாம், இடுப்பு வலி என்று சொல்லியிருக்கலாம். "குழந்தை இல்லாததுக்குப் பார்க்கிற டாக்டர். எனக்குத்தான் எண்ணிக்கை குறைவு. சூடு ஆகாதாம்" என்றார்.

இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மீசைக்காரருக்கும் கல்யாணமாகி நாலு வருடம். அவருடைய மனைவி ஊர் ஊராக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது கிடங்குக்கே தெரியும். அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி மூடியைக் குனிந்து பார்த்தார். மெல்ல இறங்கி, ஐஸ்காரருக்குப் பக்கத்தில் வந்து சுவரோரமாக நின்றார்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த டெஸ்ட்டு... எங்க எடுக்கணும்?" என்றார்.

"நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் ஐஸ்காரர். "பெட்டி, ஐஸ் எதுவும் எடுத்துக்காதே."