தலைமை தாங்கியவரின் இடது கண்

காளவாசல் பக்கம் மாதா கோயில் திருவிழாவோ மாரியம்மன் பொங்கலோ, பட்டிமன்றம் என்றால் நடுவர் நாற்காலி இன்னாசிமுத்து சாருக்குத்தான். மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சாளர் தலைப்பை விட்டு நழுவினால் உடனே மணியைத் தட்டிவிடுவார். செல்போன் நல்லதா கெட்டதா என்ற தலைப்பில், எதிரணிக்காரரின் மீசையைக் கிண்டலடித்து நான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோதும் தட்டினார்.

"மாப்ள, மீசைக்கு அப்புறம் வருவோம். கேட்டதுக்குப் பதில் எங்க?"

கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரன்தான் என்றாலும் எனக்கு அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அப்பேர்ப்பட்டவர், மனைவி பிலோமினாள் டீச்சர் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலிருந்து கேட்டுவந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார், கதவில் தோளை இடித்துக்கொள்வார். திருப்பரங்குன்றம் போகும் வழியில் இடப்புறம் வந்த ஆட்டோவை அவர் பார்க்கவே இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் இருந்த எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணில் அழுத்தம் கூடி சாருடைய அப்பா பார்வையை இழந்தவர். அதில் போன பார்வை திரும்பாது என்பதால்தான் டீச்சருக்கு அவ்வளவு பயம்.

"என்னங்க, இடது கண்ணு தெரியுதா இல்லையா?"

"உன் தம்பி கண்ணாடி போட்டுக்கிட்டே பள்ளத்துல வண்டிய விட்டானே, அவனக் கேளு."

"உங்களத்தான் கேட்டேன்."

"இம்புட்டு வருசமா வண்டி ஓட்டுறேன், எவனாவது குறை சொன்னானா? என்னைய மூலையில உக்கார வைக்கணும், அதானே உனக்கு?"

ஒருநாள் ரொம்ப நெருக்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பே வழங்கிவிட்டார். டீச்சரின் அக்கறையும் நியாயமாம், தன்னுடைய நம்பிக்கையும் நியாயமாம், ஆக மொத்தம் குடும்பத்துக்கு நிம்மதிதான் முக்கியமாம். வழக்கில் சிக்கியவரே நடுவராகவும் இருக்கும் வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

டீச்சர் அதற்குமேல் வாதாடவில்லை. பரவையில் இலவசக் கண் முகாம் நடத்துகிறவர்களிடம் பேசி, சாரைத் தலைமை தாங்க அழைக்க வைத்தார். மேடை என்றதும் சார் வேட்டியை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டார். தலைமை தாங்குகிறவர்தான் முதல் ஆளாகப் பரிசோதனைக்கு உட்கார்ந்து முகாமைத் தொடங்கி வைக்க வேண்டும் என்ற வழக்கம், மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் சின்னப் பெண். சாரின் வலது கண்ணை மூடிவிட்டு, இடப்பக்கத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தாள்.

"விரல் தெரியுதா சார்?"

"டாக்டரம்மாவுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான் சார். விரல் தெரியுதா?"

"முகாமுக்கு இன்னும் நல்லா விளம்பரம் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம் சார். விரல் தெரியுதா?"

சார் மாலையை நெருடிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மாட்டுவதைப் பார்க்க எவ்வளவோ ஆசைப்பட்டவன் நான். பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

"தெரியலம்மா."

"எப்ப இருந்து?"

"போன கிறிஸ்துமஸ்ல இருந்து."

டீச்சர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தவக்காலத்தில் அவர் முதன்முதலாகக் கேட்டபோதே சாருக்குத் தெரிந்திருக்கிறது. இடது கண்ணில் போனது போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் வலது கண்ணைக் காப்பாற்றலாம் என்றாள் டாக்டர்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க," என்றார் டீச்சர்.

சார் மச்சானை இழுக்கவில்லை, அனுபவத்தைப் பேசவில்லை.

"சொல்லியிருக்கணும் பிலோமி. பயந்துட்டேன்."