கடைசிப் பாகமும் டிவி குமிழும்

அன்று நான் செய்தது தவறு என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. பிரம்படி வாங்கியபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்பதுகளில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஞாயிறு ஐந்து மணி என்றால் எனக்கு ஜப்பானியக் கார்ட்டூன்தான். அதில் எல்லோரும் மலாய் பேசுவார்கள். நாயகன் ஒரு விரலை நீட்டினால் மலை பொடியாகும். அவன் தோற்கவே மாட்டான் என்று தெரிந்தும் வாராவாரம் நகம் கடித்துக்கொண்டு பார்த்தேன். அன்று கடைசிப் பாகம், அரக்கர் அரசனோடு சண்டை. அன்று பார்த்து அதே ஐந்து மணிக்குத்தான் கிள்ளானிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

“டிவிய அடச்சிட்டு ரூமுக்குப் போ. ஒரு நாள் பாக்காட்டி செத்தா போயிடுவே?” என்றார் அம்மா.

செத்துத்தான் போவேன் என்று தோன்றியது. அழுதுகொண்டு அக்காவிடம் ஓடினேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தை அப்பா பூட்டி வைத்ததிலிருந்து, அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பட்டுப்புடவையோடு எழுந்து வந்து டிவியைப் போட்டாள். சத்தத்தை முழுதாக ஏற்றினாள். அந்தக் குமிழைப் பிடுங்கி என் கையில் வைத்து மூடினாள்.

“யாரு கேட்டாலும் குடுக்காதே. முழுசா பாரு லா.”

அவர்கள் வந்தார்கள். யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. பிளக்கோ கனத்த அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பட்டன் எங்கேம்மா?”

“முடிஞ்சதும் தரேன்.”

கேசரி ஆறியது. மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பாவம், அவருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது. நாயகன் விரலை நீட்டினான். அரக்கன் ஒழிந்தான். நான் எழுந்து குமிழை அப்பாவிடம் கொடுத்தேன்.

“சின்னதே இப்படின்னா, பெரிசு எப்படி இருக்கும்?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் காரில் ஏறினார். சம்பந்தம் அதோடு முறிந்தது.

அடி விழுந்தது. குமிழைப் பிடுங்கியது யார் என்று நான் சொல்லவே இல்லை. பிறகு அக்கா என் கெண்டைக்காலில் எண்ணெய் தடவினாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

“முடிவு நல்லா இருந்துச்சாக்கா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு லா.”

சண்டை முழுக்க அவள் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் அந்தக் கடிதத்தையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அந்த நாயகனைப் பிடிக்கும் என்றே நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.