விவாத மேடைக்கு நான் நேரம் பார்த்தது

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகளுக்கு நான் ஆயா, வாத்தியார்களுக்கு ஆயாம்மா. யாராவது நேருக்கு நேர் பார்த்து ஒன்று கேட்டால் பதில் என் வாய் வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். அதனால் சமையல் கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரமாட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் தமிழ் வாத்தியார் விவாத அணி ஒன்று சேர்த்தார். மாவட்டப் போட்டியில் இரண்டு பேர் பேச வேண்டும், ஒருவர் மாற்று. வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பத்தாம் வகுப்புப் பெண் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அடுத்தவள் ஊரில் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண், மேடை ஏறிப் பழகியவள். மாற்றாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தலைப்பை முன்பே அனுப்பியிருந்தார்கள். மலைக் கிராமத்துக்கு முதலில் தேவை சாலையா, பள்ளியா. எங்களுக்குப் பள்ளி என்ற பக்கம் வந்தது.

"உங்க ஊருக்கு ரோடு போட்ட பொறவுதான நீயே பஸ்ஸுல எறங்கி வந்த. இப்ப ரோடு வேணாங்கறியா?" என்று தோட்டக்கார வீட்டுப் பெண் சீண்டுவாள்.

"வேணாங்கல. ரோடு மட்டும் இருந்தா பத்தாதுங்கறேன்" என்பாள் மலைப்பெண்.

சாப்பாட்டுக் கொட்டகையில்தான் பயிற்சி. வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரில் ஏதேதோ பதிவேற்றும் வேலை. பிள்ளைகள் பேச வேண்டியதை அவர் எழுதித் திருத்திக் கொடுத்துவிட்டு, நேரம் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார். "நாலு நிமிசத்துல ஒரு தட்டு தட்டுங்க ஆயாம்மா. அஞ்சாவது நிமிசம் ரெண்டு தட்டு. அதோட பேச்ச நிறுத்திடணும்." சுவரில் கடிகாரம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் என் கையில்.

நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது.

மலைப்பெண்ணின் பேச்சில் அவள் அம்மாவின் கதை ஒன்று உண்டு. சாலை போட்ட புதிதில் அம்மா தர்மபுரிக்கு இறங்கி வந்து, திரும்பும்போது பேருந்து நிலையத்தில் வண்டி மாறி ஏறிவிட்டாள். போர்டில் இருந்தது சேலம். படிக்கத் தெரியவில்லை. கண்டக்டர் தொப்பூரில் இறக்கிவிட்டார். வெயிலில், தலையில் மூட்டையோடு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்று, ஒரு டீக்கடைக்காரம்மா பரிதாபப்பட்டு வண்டி ஏற்றிவிட, பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தாள். இது முடிவதற்குள் ஐந்து நிமிடம் தாண்டிவிடும். அந்தம்மாவைத் தொப்பூரில் நிறுத்திவிட்டு நான் எப்படித் தட்டுவது? ஒருவர் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே சத்தம் போட எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அதோடு, அடுப்படியில் நான் கடிகாரம் பார்த்து எதையும் இறக்கியவள் இல்லை. பதம் வந்ததும் இறக்குவேன். அதுபோலவே அவள் அம்மா வீடு சேர்ந்ததும் இரண்டு தட்டு தட்டினேன். தினமும் அப்படித்தான். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

போட்டி தர்மபுரியில் ஒரு பெரிய பள்ளியில். பெண் பிள்ளைகளோடு போக வேண்டிய டீச்சர் அன்று விடுப்பு. பெண் துணை இல்லாமல் தோட்டக்கார வீட்டில் அனுப்பமாட்டார்கள். அதனால் சமையலை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வாத்தியாரோடு நானும் போனேன். கூடத்தில் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

காலைச் சுற்றில் தோட்டக்கார வீட்டுப் பெண் முதலில் பேசி, கச்சிதமாக முடித்தாள். மலைப்பெண் எழுந்தாள். குரல் நடுங்கவில்லை. முதல் மணி அடித்தபோது அவள் அம்மா அப்போதுதான் தர்மபுரியில் வண்டி ஏறியிருந்தாள். சீக்கிரம் முடி கண்ணு என்று மனதுக்குள் சொன்னேன். அவள் அவசரப்படவில்லை. மணி தனக்காகக் காத்திருக்கும் என்று அவளைப் பழக்கியிருந்தவள் நான். இரண்டாவது மணி அடித்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொடர்ந்து பேசினாள். நடுவர் மேசையில் இருந்தவர் கையைக் காட்டினார். மைக் நின்றது. அதற்குப் பிறகும் அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

நேரம் மீறியதற்கு மதிப்பெண் பிடித்தார்கள். இருந்தும் மற்றவளின் பேச்சால் மயிரிழையில் இறுதிச் சுற்றுக்குப் போனோம்.

வெளியே வந்ததும் வாத்தியார் அவளைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"மணி கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சுங்கய்யா."

"கேட்டும் பேசுன."

அவள் தலை குனிந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை.

"மத்தியானம் சின்னவ பேசட்டும். நீ உக்காந்து கேளு" என்றார் அவர். ஒன்றரை மணிக்குள் பேசுபவர்கள் பெயரை எழுதி மேசையில் கொடுக்க வேண்டும். அவர் சாப்பிடப் போனார். மலைப்பெண் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

வாத்தியார்கள் ஒரு வகுப்பறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். குழாயடியில் கை கழுவினேன், கையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் போனேன். உள்ளே பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கள் வாத்தியார் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆயாம்மா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க சார்" என்றேன். சாப்பிடவில்லை. "அந்தப் புள்ள மேல தப்பு இல்லீங்க."

"எந்தப் புள்ள?"

"மலைப்புள்ளைங்க. மணி நான் சரியா அடிக்கலீங்க."

"இங்க மணி அடிச்சது நீங்களா?" என்றார் வேறு பள்ளி வாத்தியார் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்படியே வெளியே வந்திருப்பேன். கால் நகரவில்லை.

"நம்ம பள்ளிக்கூடத்துலங்க சார். அவ முடிச்ச பொறவுதான் ரெண்டு தட்டு தட்டுனேன். தெனமும்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். "முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆறரை நிமிசமுங்க. ஒரு நாள் ஏழு."

"ஏனுங்க ஆயாம்மா அப்படி? நான்தான் சொல்லிட்டுப் போனேனே."

"அவங்கம்மா வூடு வந்து சேரலீங்களே சார்" என்றேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஒன்னேகால் ஆகுது. ஒன்றரைக்கு நான் பேரு குடுக்கணும். அதுக்குள்ள அஞ்சு நிமிசத்துல முடிச்சுக் காட்டச் சொல்லுங்க. முடியலன்னா சின்னவதான். என்னையத் திட்டக் கூடாது."

சைக்கிள் ஸ்டாண்டில் தட்டு இல்லை. ஒரு சைக்கிள் மணியை அடித்தேன். முதல் தடவை அவள் அம்மா தொப்பூரில் நின்றுகொண்டிருந்தபோது ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு தடவை அடித்தேன்.

"எங்கம்மா இன்னும் தொப்பூர்லயே நிக்கறாங்க ஆயா" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"நிக்கட்டும் கண்ணு. மறுக்கா பேசு."

"எங்கம்மாவ அப்படியே வுட்டுட்டா கேக்கறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"நேரம் போவுது" என்றேன். அவளிடம் நான் கடுமையாகச் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தாள். இந்தத் தடவை வெயிலையும் மூட்டையையும் விட்டாள். மணி அடிக்கும்போது இன்னும் இரண்டு வாக்கியம் மீதி. வாத்தியார் பின்னால் வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். மேசைப் பக்கம் போனார். யார் பெயரை எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது.

மேடையில் பெயர் கூப்பிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. மலைப்பெண்ணின் பெயர்.

நான் மடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். முதல் மணி அடித்தது. அவள் நின்றாள். அப்படியே மறந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன். தோட்டக்கார வீட்டுப் பெண் அவள் துப்பட்டா முனையை இழுப்பது தெரிந்தது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சாலை வந்த பிறகு என் அம்மா தர்மபுரிக்கு வந்தார். திரும்பும்போது ஒரு பேருந்தில் ஏறினார். அதன் மேல் எழுதியிருந்தது மூன்றே எழுத்து. அதை அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. தொப்பூரில் இறக்கிவிட்டார்கள்."

வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நடுவராக இருந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். விதிப்படி கேட்கலாமோ கூடாதோ, கேட்டுவிட்டார். "அப்புறம் அம்மா எப்படிம்மா வீட்டுக்கு வந்தாங்க?"

அவள் எழுந்து நின்றாள். "அதுக்கு நேரம் இல்லீங்கம்மா" என்றாள்.

இரண்டாம் இடம் கிடைத்தது. காலையில் பிடித்த மதிப்பெண்ணையும் கூட்டித்தான் கணக்கிட்டார்கள். அது போகாமல் இருந்திருந்தால் முதல் இடம் என்று தோட்டக்கார வீட்டுப் பெண் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க முனகிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னது நியாயம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த போட்டி அரூர்ல. இதே ரெண்டு பேருதான்" என்றார் வாத்தியார் முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே. மலைப்பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன். விடுதி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.