பதினெட்டுப் படிகளும் ஐந்து குதிப்புகளும்

லிங்கராஜபுரத்து கிளெமென்ட்டிடம் மழை வருமா என்று கேட்டால்கூடப் பேச்சு ஆக்ராவில் போய்த்தான் நிற்கும். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அங்கேதான் பாராசூட் படையில் பயிற்சி எடுத்தார். காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் முகச்சவரம், போர்வை மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் மைதானம் முழுக்கக் குட்டிக்கரணம், போதாக்குறைக்குப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்தின் இந்தி வசவு. வாரக்கணக்கில் தரையில் விழப் பழக்கிய பிறகுதான் வானத்தையே கண்ணில் காட்டினார்கள்.

முதல் குதிப்புக் கதை தெருமுனை டீக்கடை ரித்விக்குக்கு மனப்பாடம். "கதவுல போய் நின்னேன். பச்சை லைட் எரிஞ்சுது. சிங்கம் மாதிரி பாய்ஞ்சேன்!" அந்தச் 'சிங்கம்' வரும்போது கிளெமென்ட்டின் கை தானாக மேலே போகும். பக்கத்தில் யாராவது டீ கிளாஸோடு நின்றால் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

இப்படிப்பட்ட வீரர் வீட்டில்தான் பத்து வாரமாக ஒருவர் படிக்கட்டைத் தாண்ட முடியாமல் கிடந்தார்.

அவர் மனைவி பிரிஜெட் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். குடியிருப்பது மாடியில்; மழை நாளில் அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று. கூடத்தில் நடந்தார், அடுப்படியில் நடந்தார். மேல்படிக்கு வந்தால் மட்டும் கால் அசைய மறுத்தது. மொத்தம் பதினெட்டுப் படி. மேலிருந்து ஆறாவது படியில்தான் விழுந்திருந்தார்.

கிளெமென்ட் சும்மா இருப்பாரா? கூடத்தில் மெத்தையை விரித்து, "விழக் கத்துக்கிட்டா பயம் போயிடும்" என்று தானே உருண்டு காட்டினார். டீப்பாய் கவிழ்ந்ததுதான் மிச்சம்.

"நான் ஸ்கூலுக்குப் போகணும், சண்டைக்கு இல்ல" என்றார் பிரிஜெட்.

அடுத்து, படிக்கட்டு. விமானத்தில் குதிக்க வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவனின் முதுகுப் பையையும் பட்டைகளையும் பின்னால் நிற்பவன் சோதித்து, தோளில் தட்டி, 'ஓகே' என்று கத்த வேண்டும். அந்த வழக்கம் மாறாமல், சனிக்கிழமையன்று கிளெமென்ட் மனைவியின் பின்னால் போய் நின்றார். தோளில் ஓங்கித் தட்டி, "ஓகே!" என்று கத்தினார். பிரிஜெட் அலறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்தா பின்னால நின்னு என்னாங்க பண்ணுவீங்க? சல்யூட் அடிப்பீங்களா?"

அன்று மத்தியானமே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். லீவு ஞாயிறோடு முடிகிறது. திங்கள் காலை எட்டு மணிக்கு, கூட வேலை செய்யும் லீனா டீச்சர் வந்து கடிதத்தை வாங்கிப் போவதாக ஏற்பாடு.

 பிரிஜெட் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. வேலை போவதுகூட அப்புறம். எந்தப் பையன் எதைத் தப்பாகக் கூட்டினான், எந்தப் பெண் திருப்பிக் கேள்வி கேட்டாள் என்று ராத்திரிச் சாப்பாட்டோடு வரும் சிரிப்பு, பத்து வாரமாக அந்த வீட்டில் இல்லை. தான் தட்டிய தட்டில் அது ஒரேயடியாகப் போகப்போகிறதே என்று கிளெமென்ட்டுக்கு மனம் ஆறவில்லை.

திங்கள் காலை ஏழரைக்குக் கடிதத்தைக் கையில் எடுக்கப் போன மனைவியைக் கூப்பிட்டு, மேல்படியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பிரிஜெட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த முதல் ஜம்ப்... நான் பாயல. கதவைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. பின்னால இருந்த ரகுராம்தான் முழங்காலால ஒரு தள்ளு தள்ளிட்டான்."

சொல்லி முடிக்கையில் காதெல்லாம் சிவந்துவிட்டது. பிரிஜெட் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும். நம்ம கல்யாணத்தன்னிக்கே ரகுராம் அண்ணன் சொல்லிட்டாரு."

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்றீங்க. சிங்கத்தை நான் ஏன் கெடுக்கணும்?" என்றவர், கணக்கு டீச்சர் ஆயிற்றே, விடவில்லை. "விங்ஸ் பேட்ஜ் வாங்க அஞ்சு ஜம்ப் இல்ல? மீதி நாலு?"

"மீதி நாலும் நானேதான். ஆனா ரகுராமுக்கு முன்னால நிக்கல, பின்னால நின்னேன். அவன் பட்டையெல்லாம் நான் பாத்து, தட்டி, ஓகே சொன்னேன். என்னை நம்பி அவன் குதிச்சிட்டான். அப்புறம் நான் மட்டும் எப்படி நிக்கிறது?"

சொன்ன வாயை மூடாமலே கிளெமென்ட் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை எந்த இடத்தில் நின்று காரியத்தைக் கெடுத்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. விருட்டென்று எழுந்து இரண்டு படி இறங்கி, மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"செக் பண்ணு."

"என்னத்த?"

"எல்லாத்தையும். நீ சொன்னாத்தான் நான் எறங்குவேன்."

 பிறகு பிரிஜெட் கம்பியைப் பிடித்து எழுந்து வந்தார். ஒரு கை கிளெமென்ட்டின் கழுத்துக்கு வந்தது.

"காலர் மடிஞ்சிருக்கு" என்று சரிசெய்தார். சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். அப்புறம் தோளில் மெதுவாக ஒரு தட்டு. "ஓகே."

கிளெமென்ட் இறங்கினார். தோளிலிருந்த கை எடுபடவில்லை.

"ஒண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு வகுப்பறைக் குரல். "ரெண்டு. மூணு."

ஐந்துக்கப்புறம் எண்ணிக்கை நின்றது. தோளை விரல்கள் இறுக்கின. திரும்பிப் பார்க்க கிளெமென்ட்டுக்குத் துடித்தது. பார்க்கவில்லை. அடுத்த படியில் கால் வைத்து, அந்தக் கையை நம்பி நின்றார்.

"ஆறு" என்று வந்தது.

பதினெட்டு எண்ணி முடிக்கும்போது லீனா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்தபடி, "டீச்சர், லெட்டர்?" என்றார்.

"அது மேலயே கெடக்கட்டும். நைன்த்துக்கு இன்னிக்கு ஃபர்ஸ்ட் பீரியட் யாரு?" என்று கேட்டுக்கொண்டே பிரிஜெட் பின் சீட்டில் ஏறினார். செருப்பு மாற்றக்கூடத் தோன்றவில்லை, வீட்டுச் செருப்போடே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கிளெமென்ட் உள்ளதை உள்ளபடி சொன்னார். "நான் பாயலப்பா. ரகுராம் தள்ளிட்டான்."

"சும்மா தமாஷ் பண்ணாதீங்க சார்" என்று ரித்விக் சிரித்தான். "சிங்கம் மாதிரி பாய்ஞ்சீங்க, எங்களுக்குத் தெரியாதா?"

கிளெமென்ட் வற்புறுத்தவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஸ்கூல் விடும் நேரமாகிவிட்டது. அதற்குள் போய், பிரிஜெட் தோளைப் பிடித்து மேலேற, வீட்டுப் படிக்கட்டின் கீழே முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருந்தது.