குருவி வேலை

நான் எட்டாவது வரை படித்தவன். வெளிநாட்டில், ஃபிரிஸ்கோ என்கிற ஊரில் ஒரு கோயில் மடப்பள்ளியில் சமையல். மனைவி இல்லை. ஒரே மகள்.

அவள் பறவைகளைப் பற்றிப் படித்தாள். ஈக்வடாரில் மரமே முளைக்காத உயரத்தில் புல்வெளி இருக்கிறது. அங்கே ஒரு ஹம்மிங்பர்டைப் பார்க்கப் போவாள். உள்ளங்கையில் அடங்குகிற குருவி. ஆணுக்குத் தலை முழுக்க ஊதா. போனில் படம் அனுப்புவாள். அங்கே காற்று மெலிசாம். அதனால் பறந்தபடி தேன் குடிக்காது, பூ மேலேயே உட்கார்ந்துவிடும்.

"நைட்ல பாடி சில்லுனு ஆயிடும்ப்பா. மூச்சு இருக்கறதே தெரியாது. செத்துப்போச்சுன்னு நெனப்போம். சன் வந்ததும் நடுங்கும், அப்புறம் பறந்துடும்."

"சம்பளம் உண்டா?"

"குருவிக்கா, எனக்கா?" என்று சிரித்தாள்.

கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி எந்தக் கம்பெனி என்பதுதான். போன பொங்கலுக்கு மகள் லீவில் வந்திருந்தாள். எனக்குப் பின்னால் நின்று கிண்ணங்களில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் வந்த ஒரு அம்மா கேட்டார்.

"பொண்ணு என்னண்ணா பண்றா?"

"ஆஸ்டின் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி மேடம்."

வாயில் அப்படித்தான் வந்தது. பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள்.

"எந்த டீம்ப்பா நான்?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மேனேஜர் யாரு? நல்லவரா?"

மறுநாள் மலைக்குக் கிளம்பிப் போனாள். படம் வருவது நின்றது. நானும் கூப்பிடவில்லை. நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மாசியில் அங்கே மழை. மலைப்பாதையில் அவள் போன ஜீப் உருண்டது. அவளைக் கொண்டுவரப் பன்னிரண்டு நாள் ஆனது.

அடக்க வேலை பார்க்கும் இடத்தில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் காலையில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஏசி அறை. ஜன்னலில் திரை போட்டிருந்தது. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அங்கே நின்ற ஆளிடம் ஜன்னலைக் காட்டி, "சன்" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் திரையை ஏற்றிவிட்டார். வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மணி நேரமும் கையை விடவில்லை.

பிறகு கோயில்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார், பூவோடு.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களாண்ணா? யாராவது வராங்களா?"

"ஆபீஸ் இல்ல மேடம். அன்னிக்குப் பொய் சொன்னேன். அவ குருவி பாக்கற வேலை பண்ணா."

அவர் பூவை அவள் பக்கத்தில் வைத்தார். "என்ன குருவிண்ணா?" என்றார்.

சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் புல்வெளி, உள்ளங்கை அளவு, ஊதாத் தலை, பூ மேல் உட்கார்வது எல்லாம் சொன்னேன். மகள் நின்று கேட்டிருக்க வேண்டிய பேச்சு.

ராத்திரியில் அது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.