ஊதாவை வடிகட்டிய மத்தியானம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் ஊதா நிறம் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பா ஷெல்லாக் எனப்படும் அவலரக்கை ஊதா நிற ஸ்பிரிட்டில் கரைத்து, மர வேலைக்கான பாலிஷ் செய்து, விருதுநகர்த் தச்சுப் பட்டறைகளுக்குக் கொடுத்துவந்தார். அந்த ஸ்பிரிட் டிரம் இருந்த அறைக்கு இரண்டு பூட்டு. சுவரில் கண்ணாடி போட்ட லைசென்ஸ், கதவில் மண்டையோட்டுப் படம். எங்கள் வீட்டுச் சாமிக்குக்கூட அத்தனை மரியாதை கிடையாது.

அப்பா அந்த ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் குடுவையில் பிடிக்கும்போது ஜன்னல் வெயில் பட்டுச் சுவரெல்லாம் ஊதா அலையும். மீன் கழுவிய தண்ணீரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை வரும். எனக்கு அந்த வாடையும் பிடிக்கும், சொன்னால் சிரிப்பீர்கள். வாசலில் உட்கார்ந்து அந்த அலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா கூப்பிட்டால் காதில் விழாது.

அவ்வப்போது மதுவிலக்குத் துறை அதிகாரி ஒருவர் வந்து டிரம்முக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, இருப்பு சரியா என்று புத்தகத்தோடு ஒப்பிடுவார். இதில் என்னதான் கலந்திருக்கிறது என்று ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“மெத்தில் இருக்கு. வாடைக்குப் பிரிடின். நாக்குல வைக்க முடியாதபடி ஒரு கசப்பு. அப்புறம் இந்தச் சாயம். யாரும் குடிச்சிரக் கூடாதுன்னு சட்டமே கலக்கச் சொல்லுது பாப்பா. குடிச்சா கண்ணு போகும், உசுரும் போகும்.”

மெத்தில்தான் விஷம் என்பது ஐந்தாம் வகுப்பு மூளைக்கு எங்கே ஏறப்போகிறது? கண்ணுக்குத் தெரிந்தது சாயம் மட்டும்தான். ஆகவே விஷம் என்பது அந்த ஊதாதான் என்று தீர்மானித்துவிட்டேன். இத்தனை அழகான ஒன்றுக்கு இப்படி ஒரு கெட்ட பெயரா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் மணலும் கரியும் போட்டுக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்துக் காட்டினார்கள். கரித்தூளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமா என்ன! சித்தப்பா சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் கரி சேர்த்து வெடிமருந்து கலக்கிறவர். அவருடைய வேலைச் சட்டையை உதறினாலே ஒரு படி தேறும். பாலிஷ் கலக்க அப்பா வெளியே எடுத்து வைத்திருந்த ஸ்பிரிட் கேனிலிருந்து மைப்புட்டி அளவு எடுத்து, கரித்தூளில் விட்டு வடித்தேன். சொட்டுச் சொட்டாக, நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரி இறங்கியது.

சித்தப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனியை மூடியிருந்தார்கள், கையில் கூலியும் இல்லை. சித்தி அவருடைய குடியைக் கோபித்துக்கொண்டு காரியாபட்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சித்தப்பாவின் கை சில நாளாக நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர் என்று நினைத்தேன், அந்த வெயிலில்!

“ஏத்தா, நெசமாவே கலரு போயிருச்சே! நம்ம வம்சத்துல யாருக்கு இருக்கு இம்புட்டு அறிவு?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னொருக்கா செய்வியா தாயி? கொஞ்சம் பெருசா?” என்றார்.

உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. வீட்டில் யாரும் என்னை ஒரு வேலை செய்யச் சொல்லிக் கெஞ்சியதே இல்லை.

மறுநாள் மத்தியானம் அப்பா லோடு இறக்கப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடையில். சித்தப்பாவே கேனைத் தூக்கி வந்தார். கோழிகள் நிழலில் கண்மூடிக் கிடந்தன, எங்கோ தூரத்தில் ஒரு வெடி சோம்பலாக வெடித்தது. நான் வடித்துக்கொண்டே இருந்தேன். நேரம் என்பதே இல்லாத மாதிரி இருந்தது. ஒரு டம்ளர் நிறைந்தது. சித்தப்பா எச்சில் விழுங்கினார்.

“வெசம் போயிருச்சுல்ல சித்தப்பா? இனிமே குடிக்கலாம்ல?”

“போயிருச்சு, போயிருச்சு. இங்கன கொண்டா.”

நீட்டிய கையை நான் கவனித்தேன். ஆனால் கண்டுபிடித்தவள் நானல்லவா? “நான்தான் மொதல்ல” என்று டம்ளரை உதட்டில் வைத்தேன்.

விழுந்தது ஓர் அறை. டம்ளர் முற்றத்தில் உருண்டது. என்னை வாரித் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடி, வாயைத் திறந்து தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். “உள்ள போச்சா? சொல்லுத்தா, ஒரு சொட்டு உள்ள போச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று நான் எத்தனை தரம் தலையாட்டியும் அவர் நம்பவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

அப்பா வந்ததும் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. வெகுநேரம் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் செய்ததெல்லாம் மண்ணில் கொட்டிப்போனதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். சித்தப்பாவும் அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் அவரோடு டூ விட்டேன். கரியில் போனது நிறம் மட்டும்தான், விஷம் அப்படியே இருக்கிறது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதும், தெரிந்துதான் அன்று அந்த டம்ளருக்குக் கை நீட்டினார் என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.