காளானின் கீழ்ப்பக்கம்

என் அக்காவுக்கு நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அதுவும் ஒரு கறிக்காக. மலை மலையாகப் பொய் சொன்னவர்கள் எல்லாம் மேடையேறிச் சால்வை போர்த்திக்கொள்கிற நாட்டில், ஒரு கறிக்குச் சொன்ன பொய்யைச் சுமந்துகொண்டு நான் திரிகிறேன்.

அக்காவுக்குக் கண் தெரியாது. சீனி வருத்தம் வந்து முதலில் எழுத்தைத் தின்றது, பிறகு முகங்களைத் தின்றது, கடைசியில் பகலையும் தின்று முடித்தது. அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வவுனியாவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் பென்சன் எடுத்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரிடம் வந்துவிட்டேன். எனக்கும் கலியாணம் காட்சி என்று எதுவும் இல்லை. ஒருவருக்கொருவர் போதும் என்று நினைத்தோம்.

அவருடைய வளவு ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற பாதையில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. சண்டையில் இடம்பெயர்ந்து அலைந்து அவர் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் சுவர்த்துண்டுகள் மட்டும் கிடந்தன. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வந்து சிவப்புத் தடிகளை நட்டு, மாதக்கணக்கில் மண்ணைச் சுரண்டி, பிறகு தடிகளைப் பிடுங்கிக்கொண்டு இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வீட்டுத்திட்ட வீட்டுக்கு நிலம் துப்புரவாக்க மண் அள்ளுகிற பெக்கோ மெசின் ஒன்று வந்தது. அது பின்பக்கம் பாலை மரத்தடியில் ஆளுயரத்துக்கு நின்ற கறையான் புற்றையும் சேர்த்து இடித்து, மட்டமாக்கிவிட்டுப் போயிற்று. உடைந்த வீட்டைப் பார்த்து அழாத அக்கா அன்றைக்கு அழுதாராம். அந்தப் புற்றடியில்தான் வருடா வருடம் அவர் காளான் பிடுங்குவார். கண் இருந்த காலத்தில் அது.

நான் வந்த பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டானது. நான் பார்ப்பேன், சொல்வேன். அவர் கேட்பார். காலையில் வானம் என்ன நிறம், முருங்கை பூத்திருக்கிறதா, வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது யார், உடுத்தியிருக்கிற சேலையில் எது முந்தானைப் பக்கம், எல்லாம் சொல்லவேண்டும். குளிசைகளை உள்ளங்கையில் வைத்தால் என்ன ஏது என்று கேட்காமல் அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். "உன்ட கண்ணாலதான் இப்ப நான் பாக்கிறன்" என்று ஒரு நாள் சொன்னார். பெருமையாக இருந்தது எனக்கு. முப்பது வருடம் படிப்பித்தும் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

போன வருடம் ஐப்பசியில் இடியோடு முதல் மழை பெய்து விட்ட மறுநாள் விடிய, அக்கா குசினிக் கதவடியில் நின்று மூக்கை நிமிர்த்தினார்.

"காளான் மணக்குது. பாலை மரத்தடியில ஒருக்காப் போய்ப் பார்."

புற்றே இல்லாத இடத்தில் காளான் எங்கே வரப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கத்தியும் சுளகுமாகப் போனேன். வந்துதான் இருந்தது. பெக்கோ மட்டமாக்கிய அதே இடத்தில், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு இருபதுக்குக் குறையாமல் நின்றன. சில விரியாமல் மொட்டாக, சில குடை விரித்து, நடுவில் சிறு கூர் வைத்து. நான் குந்தி இருந்து ஒவ்வொன்றாக மண் மட்டத்தில் அறுத்தேன்.

ஏன் அறுத்தேன் என்று சொல்லவேண்டும். பிடுங்கியிருக்க வேண்டியது. ஆனால் வன்னிக்குத் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் கரும்பலகையில் கண்ணிவெடிப் படம் கீறிப் படிப்பித்தவள் நான். தெரியாததைத் தொடாதே, மண்ணில் நீட்டிக்கொண்டு நிற்பதை இழுக்காதே, கிண்டாதே, ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்லு. பிள்ளைகள் பாட்டுப் போலப் பாடுவார்கள். அவர்கள் அதையெல்லாம் மறந்து இப்போது வயல் உழுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள். படிப்பித்தவளின் கை மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் நான் கீரையைக்கூட நுள்ளித்தான் எடுப்பேன், வேரோடு இழுக்கமாட்டேன். வளவில் ஒன்றுமில்லை என்று மூளைக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது?

சுளகை அக்காவின் மடியில் வைத்தேன். அவருடைய விரல்கள் காளான்களின் மேல் மெல்ல ஓடின. முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"கூர் இருக்கு. கீழ்ப்பக்கம் என்ன நிறம்?"

"வெள்ளை. கொஞ்சம் ரோசா தட்டுது."

"பச்சை இல்லையே?"

"இல்லை."

"கழுத்தில வளையம்?"

"இல்லையக்கா."

விரல் தண்டின் அடிக்குப் போய் நின்றது. "வேர் எங்க?"

"காளானுக்கு ஏதக்கா வேர்?" வகுப்பில் நின்று சொல்வது மாதிரிச் சொன்னேன். வாத்திச்சிப் புத்தி போகுமா?

"புத்துக்காளானுக்கு இருக்கு. முழங்கை நீளத்துக்கு உள்ள போகும். கறையான் கூட்டிலதான் போய் முடியும். வேரைக் கண்டால் பயமில்லாமல் ஆக்கலாம்."

"நான் அறுத்துப்போட்டன்."

"அப்ப போய்க் கிண்டிப் பார்."

மண்வெட்டியோடு போனேன். அறுத்த தண்டுகளின் வெள்ளை வட்டங்கள் மண்ணில் தெரிந்தன. மண்வெட்டியை ஓங்கவும் முடியவில்லை, விரலை விடவும் முடியவில்லை. அறுபது வயதில் ஒரு காளான் கட்டைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "புத்தே இல்லாத இடத்தில வேர் எங்கயிருந்து வரும்?" என்று எரிந்து விழுந்தேன். பயந்தவர்களுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"புத்து மேல இல்லையெண்டால் கீழயும் இல்லையோ?" அக்கா சிரித்தார். "அதுதான் இது. எனக்குத் தெரியும். மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு ஆக்கு." சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நான் சுளகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நாளுக்கு முதல் பஸ்ஸில் ஒரு மனிசி, மல்லாவிப் பக்கம் ஒரு குடும்பமே காளான் தின்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று கதைத்துக்கொண்டு வந்தாள். உண்மையோ பொய்யோ, அது எனக்குள் கிடந்தது. போனில் தேடினால் ஒரே மாதிரி இருக்கிற வெள்ளைக் காளான்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் தின்னலாம், அடுத்ததைத் தின்றால் ஆள் தப்பாது. எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. கண் இருந்து என்ன, பார்க்கத் தெரியாவிட்டால்? பார்க்கத் தெரிந்தவர் உள்ளே கண் இல்லாமல் படுத்திருந்தார்.

கடைசியில் அவ்வளவையும் வேலியோரக் குப்பைக்குள் கொட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய், பொலித்தீனில் அடைத்து விற்கிற சிப்பிக் காளான் வாங்கி வந்தேன். மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டேன். தேங்காய்ப்பால் தாராளமாக விட்டேன்.

அக்கா ஆறுதலாகச் சாப்பிட்டார். பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, "எங்கட வளவுக் காளான்தானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றார். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வளவுப் பெண் கறிவேப்பிலை ஒடிக்க வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், காடும் கரையும் அத்துபடி. வேலியோரம் நின்று, "என்னக்கா, இவ்வளவு புத்துக்காளானையும் குப்பையில கொட்டியிருக்கிறீங்கள்? நல்ல சாமான். நாங்கள் நேற்று எங்கட பக்கம் முளைச்சதைத்தான் ஆக்கினனாங்கள். கேட்டிருந்தால் நான் கொண்டு போயிருப்பன்" என்றாள். அக்கா நாலு அடி தள்ளிக் கதிரையில் இருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது.

அவள் போகும் வரைக்கும் அக்கா காத்திருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு நேற்றே தெரியும். கண்தான் போனது, நாக்கு கிடக்கு. நீ என்ன சொல்லுறாய் எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

"பயமாக் கிடந்ததக்கா. உங்களுக்கு ஏதும் ஆகிப்போனால்..."

"பயமெண்டு சொல்லியிருக்கலாமே. நான் தின்னாமல் விட்டிருப்பன்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அடுத்த நாள் குளிசைகளை உள்ளங்கையில் வைத்தேன். அவர் உடனே வாயில் போடவில்லை. ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தடவினார், மூக்கில் வைத்து மணந்தார். பிறகுதான் விழுங்கினார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கிளினிக் அட்டையைப் பக்கத்து வளவுப் பெண்ணைக் கொண்டு வாசிப்பித்தார். வானம் என்ன நிறம் என்று கேட்பது நின்றுபோயிற்று. நானாகவே, "முருங்கை பூத்திட்டுது அக்கா" என்றால், "அப்பிடியே?" என்பார், பேருக்கு 'அப்படியா' என்கிற மாதிரி. அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் ஒன்றும் வராது. ஒரு வருடம் முழுக்க அந்த 'அப்பிடியே'யைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரே கூரை, ஒரே சோறு. ஆனால் அவர் திரும்ப இருட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார், தள்ளியது நான்.

இந்த வருடமும் ஐப்பசி வந்தது. இடி இடித்தது. அக்கா கதவடிக்கு வரவில்லை, மூக்கை நிமிர்த்தவில்லை. நான்தான் விடிய எழுந்து பாலை மரத்தடிக்குப் போனேன். அதே இடத்தில் முளைத்திருந்தது. கத்தி கொண்டுபோகவில்லை. முழங்காலில் இருந்து, கண்ணை மூடி, விரல்களை மண்ணுக்குள் விட்டேன். கரும்பலகையும் பிள்ளைகளின் பாட்டும் காதுக்குள் இரைந்தன. ஒரு சாண் ஆழத்தில் வேர் என் விரலில் பட்டது. மெல்லிசு, வெள்ளை, உறுதி. அதைப் பிடித்துக்கொண்டே கிண்டினேன். மணிக்கட்டு போனது, முழங்கை போனது. கடைசியில் கறையான் கூடு பஞ்சுபோலக் கையில் உதிர்ந்தது. அக்கா சொன்னது சரி. புற்று மேலேதான் இல்லை, கீழே அப்படியே இருந்தது.

அறாமல் ஒன்றை முழுதாக எடுத்தேன். சிரிப்பும் அழுகையுமாக, சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்து அதை அக்காவின் மடியில் கிடத்தினேன்.

"பாருங்கோ அக்கா. வேரோட எடுத்தனான். நானே கிண்டினனான்."

விரல்கள் கூரில் தொடங்கி, தண்டு வழியே இறங்கி, வேரின் நுனி வரை போய் வந்தன. நகத்துக்குள் மண் ஏறிய என் கையையும் ஒரு கணம் தொட்டார்.

"வேர் இருக்கு" என்றார். "கீழ்ப்பக்கம் என்ன நிறம்?"

"வெள்ளை அக்கா. வெள்ளையும் கொஞ்சம் ரோசாவும். பச்சை இல்லை. துண்டற இல்லை, ஒரு பொட்டும் இல்லை."

அக்கா காளானை ஒரு தரம் மணந்து பார்த்தார். பிறகு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக் குரல் கொடுத்தார்: "பிள்ளை, இஞ்ச ஒருக்கா வந்து இதைப் பாரும்."

பதில் வரவில்லை.

"அவள் மல்லாவிக்கு மகளிட்டப் போயிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள்" என்றேன். அன்று வியாழக்கிழமை.

"வரட்டும்" என்றார் அக்கா.

பிடுங்கிய காளான் பொழுது சாயும் வரைக்கும் தாங்காது. அது எனக்குத் தெரியும், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அதைப் பக்கத்தில் கிடந்த சுளகில் வைத்து, சுளகை என் பக்கம் தள்ளிவிட்டார்.